திருகோணமலையில் உயிர்ச்சுவடுச் சுற்றுலா: எலும்பு எங்கே தங்கும் என்பதில் இருந்து தொடங்குவோம்

நிலாவெளியில் சிறிய விடுதி நடத்தும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை கடலுக்காக ஆட்கள் வருகிறார்கள். மாரி தொடங்கினால் அறைகள் காலி. ஜப்பானிலும் தாய்லாந்திலும் ஃபொசில் கிடைத்த இடங்களை வைத்தே பெரிய சுற்றுலா நடக்கிறதாம். ஒரு நூதனசாலையும் பல்கலைக்கழகமும் சேர்ந்தால் திருகோணமலையிலும் அப்படிச் செய்ய முடியாதா? ஒரு டைனோசர் பூங்கா போட்டால்கூடப் பிள்ளைகள் வருவார்களே?"

செய்யலாம் தம்பி. ஆனால் ஜப்பானில் இருப்பதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. இந்த மாவட்டத்தில் நெடுங்காலம் புவியியல் படிப்பித்தவன் நான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோணமலைக்கும் கன்னியாவுக்கும் புல்மோட்டைக்கும் போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன், நம்மிடம் காட்டுவதற்கு நிறைய இருக்கிறது. அதில் எது நம்முடையது, எது பக்கத்து மாவட்டத்துடையது என்பதை முதலில் ஒளிவுமறைவில்லாமல் பிரித்துக்கொள்ள வேண்டும்.

உயிர்ச்சுவடு, அதாவது ஃபொசில், இருக்கவேண்டும் என்றால் படிவுப் பாறை வேண்டும். சேறோ மணலோ சுண்ணாம்போ அடுக்கடுக்காகப் படிந்து, செத்த உயிர்களை மூடி, மெல்ல இறுகிய பாறை. இலங்கையின் நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அப்படிப்பட்டதல்ல. அது கேம்பிரியன் காலத்துக்கும் முந்திய, அதாவது சுமார் 54 கோடி ஆண்டுக்கும் பழைய, உருமாறிய பாறை. திருகோணமலை நகரமும் அதன்மேல்தான் இருக்கிறது. அந்தப் பாறைகள் கடைசியாகப் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியது சுமார் 61 கோடியில் இருந்து 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அந்த வெக்கையில் எந்தச் சுவடும் மிஞ்சாது. ஆகவே கோணேசர் கோயில் நிற்கும் மலையைத் தோண்டி எலும்பு எடுக்கலாம் என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால், அவரிடம் கவனமாக இருங்கள்.

இலங்கையில் உயிர்ச்சுவடுகள் இருக்கும் இடங்கள் வேறு. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் முழுவதும் மயோசீன் காலக் கடலின் எச்சம், அதாவது சுமார் 2 கோடியே 30 லட்சத்தில் இருந்து 50 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய காலம். கிணறு வெட்டும்போது வரும் கல்லிலேயே சிப்பியும் பவளமும் தெரியும். அதே காலப் பாறை புத்தளம் அருவாக்காலுவில் இருக்கிறது; அங்கே சுறாப் பற்களும் கடல் முலையூட்டிகளின் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. தென்கிழக்கே யால காட்டோரக் கடற்கரையில் மினிஹாகல்கந்த. புத்தளத்துக்குப் பக்கத்தில் தப்போவவிலும் அண்டிகமவிலும் இன்னும் பழைய, டைனோசர்கள் வாழ்ந்த யுராசிக் காலப் படிவுகள், அவற்றில் செடிகளின் சுவடுகள். அப்புறம் இரத்தினபுரி.

இரத்தினபுரியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பாடம் அங்கேதான் இருக்கிறது. மாணிக்கக் குழிகளில் 'இல்லம்' என்று சொல்லப்படும் பரல் படையைத் தேடித் தோண்டுகிறார்கள். கல்லோடு சேர்ந்து நீர்யானைப் பல், காண்டாமிருகப் பல், யானை எலும்பு எல்லாம் வெளிவரும். இன்றைக்கு இலங்கையில் நீர்யானையும் இல்லை, காண்டாமிருகமும் இல்லை. கல் தேடுகிறவருக்கு அந்த எலும்பு வெறும் குப்பை. அதைப் பொறுக்கி எடுத்து, பெயர் வைத்து, பதிந்து, அலுமாரியில் வைத்தவர் பி. ஈ. பி. தெரணியகல. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தவர். குருவிட்டப் பக்கம் கிடைத்த இரண்டே பற்களை வைத்து, இந்தத் தீவில் ஒருகாலத்தில் சிங்கம் வாழ்ந்தது என்று 1939-இல் அவர் எழுதினார். இரண்டு பல்! அந்தப் பற்களை யாரோ சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போயிருந்தால், இந்தத் தீவின் சிங்கம் கொடியில் மட்டும்தான் இருந்திருக்கும்.

இதனால்தான் சுற்றுலா என்று பேச்செடுத்தவுடன் நான் முதலில் கேட்பது, கண்டெடுத்த பொருள் எங்கே தங்கும், அதற்கு யார் இலக்கம் போடுவார், 50 ஆண்டு கழித்தும் அது அதே அலுமாரியில் இருக்குமா என்பதை. நுழைவுச்சீட்டு, வாகனத் தரிப்பிடம், சிற்றுண்டிச்சாலை எல்லாம் அதற்குப் பிறகு.

நூதனசாலையும் பல்கலைக்கழகமும் ஏன் சேரவேண்டும் என்பதும் இதில் இருந்துதான் விளங்கும். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நடக்கும். ஆனால் மாணவர் பட்டம் முடித்துப் போய்விடுவார், விரிவுரையாளர் வெளிநாடு போவார், அவர் சேகரித்த மாதிரிகள் ஆய்வுகூடத்து மூலையில் பெயர்ச்சீட்டு இல்லாமல் கிடக்கும். நூதனசாலையில் பொருள் பாதுகாப்பாக இருக்கும். ஆனால் புதிதாக ஆராய ஆள் இருக்காது, 40 வருடத்துக்கு முன் எழுதிய பலகையே தொங்கும். ஒன்றிடம் ஆள் இருக்கிறது, மற்றதிடம் அலுமாரி இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வருகிறவருக்குச் சொல்லப் புதிய கதை கிடைக்கும். கதை புதுப்பிக்கப்படாத இடத்துக்கு ஒருவர் இரண்டாம் தடவை வரமாட்டார்.

நீங்கள் சொன்ன ஜப்பான் உதாரணம் பெரும்பாலும் ஃபுக்குயியாக இருக்கவேண்டும். கட்சுயாமா என்ற சிறிய மலையூர். 1982-இல் அங்கே ஒரு முதலையின் உயிர்ச்சுவடு கிடைத்தது. 1989-இல் முறையான அகழ்வு தொடங்கியது. நூதனசாலை திறந்தது 2000-இல்தான். கவனியுங்கள், தோண்டத் தொடங்கிப் பத்து வருடத்துக்கும் மேல் கழித்தே கட்டடம். பிறகு 2013-இல் அந்த மாகாணப் பல்கலைக்கழகத்தில் டைனோசர் ஆய்வு நிறுவனம், 2014-இல் அகழ்விடத்திலேயே வெளிக்கள நூதனசாலை, 2025-இல் பல்கலைக்கழகத்தில் டைனோசர்களுக்கென்றே ஒரு பீடம். நூதனசாலையில் இருந்து பஸ்ஸில் அகழ்விடத்துக்குக் கூட்டிப்போய், பிள்ளைகளின் கையில் சுத்தியலும் கல்லும் கொடுக்கிறார்கள். முக்கியமான சுவடு ஒன்று கிடைத்தால் அது ஆராய்ச்சிக்காக அங்கேயே தங்கும். வந்தவர் வீட்டுக்குக் கொண்டுபோவது அனுபவத்தை. அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் அதே சுத்தியல் சில வருடத்தில் அந்தத் தளத்தையே தின்றுவிடும்.

தாய்லாந்தில் எனக்குப் பிடித்தது நாக்கோன் ராட்சசீமா. கல்லாகிப்போன மரங்களுக்கு அங்கே ஒரு நூதனசாலை இருக்கிறது. அதை நடத்துவதே உள்ளூர் ராஜபட் பல்கலைக்கழகம். தலைநகரத்துப் பெரிய பல்கலைக்கழகம் இல்லை, மாகாணத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வளர்ந்த ஒன்று. அந்தப் பகுதியில் மணல் அகழும் குழிகளில் இருந்து அழிந்துபோன பல வகை யானைகளின் எலும்புகள் வந்தன. நம்முடைய மாணிக்கக் குழிக் கதையேதான், வித்தியாசம் அந்த ஊரிலேயே அவற்றை ஏற்க ஓர் இடம் இருந்தது. 2023-இல் அந்தப் பகுதி, கோராட் என்ற பெயரில், யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்கா ஆனது; பாறைகளையும் நிலத்தின் வரலாற்றையும் காத்துக் காட்டும் பகுதிக்குக் கிடைக்கும் தகுதி அது. அதே நாட்டில் கலாசின் என்ற இடத்தில் 1994-இல் டைனோசர் எலும்புகளைக் கவனித்துச் சொன்னவர் ஒரு விகாரையின் பிக்கு. இன்று அந்தக் குன்றடியில் சிரிந்தோன் நூதனசாலை நிற்கிறது. கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தேவாலயமும் இத்தனை இருக்கும் நம்முடைய மாவட்டத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் முதலில் தகவல் சொல்வது அங்கேதான், அரச அலுவலகத்தில் இல்லை.

இன்னொரு இடம், ஜெர்மனியின் மெசல். எண்ணெய்க் களிக்கல் எடுத்த பெரிய பள்ளம். 1971-இல் சுரங்கம் மூடப்பட்டதும் அதைக் குப்பைமேடாக்கத் திட்டம் போட்டார்கள். உள்ளே இருந்தவையோ சுமார் 4 கோடியே 70 லட்சம் ஆண்டு பழைமையான சின்னக் குதிரைகள், வௌவால்கள், மீன்கள், மயிரும் இறகும்கூடத் தெரியும் அளவுக்கு. ஊர் மக்களும் ஆய்வாளர்களும் ஏறக்குறைய 20 வருடம் போராடி, 1991-இல் மாநில அரசு அந்தப் பள்ளத்தை வாங்கியது. 1995-இல் அது உலக மரபுரிமைத் தளமானது. இன்று ஃபிராங்ஃபர்ட்டின் சென்கென்பெர்க் நிறுவனமும் டார்ம்ஷ்டாட் நூதனசாலையும் அங்கே அகழ்கின்றன. பள்ளத்துக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போகலாம்.

அந்தத் தளத்துக்கும் ஒரு காயம் இருக்கிறது. 'ஈடா' என்று உலகம் முழுவதும் பேசப்பட்ட குரங்கினச் சுவடு 1983-இல் அங்கே தனியார் சேகரிப்பாளர் கையில் சிக்கியது. கல் இரண்டாகப் பிளந்தபோது ஒரு பாதி, இல்லாத பாகங்களைப் போலியாக ஒட்டி அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. நல்ல பாதி 20 வருடத்துக்கு மேல் ஒரு வீட்டில் இருந்தது. 2007-இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் நூதனசாலை விலைகொடுத்து வாங்கிய பிறகுதான், 2009-இல் அதைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. சுவட்டுக்கு விலை வைத்தால் போலியும் கூடவே வரும். யுனெஸ்கோ புவிப்பூங்கா விதிகளில், பூங்காவை நடத்தும் அமைப்பு உயிர்ச்சுவடு, கனிமம் போன்றவற்றின் வியாபாரத்தில் நேரடியாக இறங்கக்கூடாது என்று எழுதியிருப்பதும் இதனால்தான்.

மெசலைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்முடைய அருவாக்காலுவிலும் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் எடுத்த பள்ளங்கள் இருக்கின்றன. 2019-இல் கொழும்பின் குப்பை அங்கே போகத் தொடங்கியது. புத்தளம் மக்கள் அதை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள், சுகாதாரத்துக்காகவும் தங்கள் ஊருக்காகவும். அந்தப் பேச்சில் மயோசீன் கடலுக்கு இடம் கிடைத்தது மிகக் குறைவு. மெசலில் இருந்ததுபோல ஒரு நூதனசாலை முன்கூட்டியே அங்கே பொருட்களோடு நின்றிருந்தால் வாதத்தின் கனமே மாறியிருக்கும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சரி, திருகோணமலைக்கு வருவோம்.

நம் ஊரில் இரண்டு பக்கமும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். நகரத்தில் ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் கடல்சார் நூதனசாலை இருக்கிறது. நிலாவெளிப் பாதையில், உங்கள் விடுதிக்குப் பக்கத்திலேயே, கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். அந்த வளாகத்தில் புவிச்சரிதவியல் துறை இல்லை. அது பேராதனையில் இருக்கிறது. ஆனால் மொழியும் தொடர்பாடலும் படிக்கிறவர்கள், முகாமைத்துவம் படிக்கிறவர்கள், கணினி படிக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். பாறையைப் பற்றிய உள்ளடக்கத்தைப் பேராதனை சரிபார்க்கட்டும். அதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி எழுதுவது இங்குள்ள மாணவர்களின் வேலையாகட்டும். நம் நாட்டுக் காட்சிப் பலகைகளில் தமிழ் எத்தனை இடத்தில் பிழையாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இந்த ஒரு வேலைக்காகவே வளாகத்தைச் சேர்க்கலாம்.

என்ன காட்டுவது? கோணமலையில் இருந்து தொடங்கலாம். இராவணன் வெட்டைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. கதையைக் கேட்டுவிட்டு அதே இடத்தில், இந்தப் பாறை பூமிக்கு அடியில் எத்தனை ஆழத்தில் வெந்தது, இலங்கையும் இந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் ஒட்டியிருந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டம் எப்படிப் பிரிந்தது என்று ஐந்து நிமிடம் சொன்னால் போதும். ஒன்று மற்றதைக் கெடுக்காது. கும்பிட வந்தவருக்கும் மலைமேல் மரியாதை கூடும். கன்னியாவின் ஏழு கிணறுகளும் அப்படியே. எரிமலையே இல்லாத நாட்டில் வெந்நீர் எங்கிருந்து வருகிறது என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். மழைநீர் பாறைப் பிளவு வழியாக ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, திரும்ப மேலே வருகிறது. கன்னியாவில் இருந்து மகா ஓயா வழியாக அம்பாந்தோட்டையின் மகாபெலஸ்ஸ வரை இப்படி வெந்நீரூற்றுகள் இரண்டு பெரிய பாறைத் தொகுதிகளின் எல்லையை ஒட்டினாற்போல் இருக்கின்றன. இந்தப் படத்தை ஒரு பலகையில் வரைந்து கன்னியாவில் வைக்க எவ்வளவு செலவாகும்?

புல்மோட்டையின் கறுப்பு மணலை நாம் ஏற்றுமதிப் பொருளாக மட்டும் பார்க்கிறோம். இல்மனைட், ரூட்டைல் இவற்றோடு அதில் சிர்க்கோனும் இருக்கிறது. பாறையின் வயதைக் கணிக்க உலகம் முழுவதும் நம்பும் கனிமம் அந்தச் சிர்க்கோன்தான். உள்நாட்டுப் பாறைகள் தேய்ந்து, ஆறு கொண்டுவந்து, அலை தரம்பிரித்துப் போட்ட மணல். ஒரு கைப்பிடியை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தால் பிள்ளைகள் அரைமணி நேரம் நகரமாட்டார்கள். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கடலுக்கடியில் இன்னும் பெரிய விஷயம் இருக்கிறது. மகாவலி வந்து விழும் கொட்டியார்க் குடாவில் இருந்தே ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு ஆழம் இருப்பதால்தான் திமிங்கிலங்களைக் கரையில் இருந்தே பார்க்க முடிகிறது. படகுக்காரர்கள் திமிங்கிலத்தைக் காட்டுகிறார்கள். அது ஏன் இங்கே வருகிறது என்று சொல்லக் கடல்சார் நூதனசாலையில் குடாவின் ஒரு மாதிரியுரு வேண்டும். வளாகத்து மாணவர்கள் செய்யக்கூடிய வேலை.

புறாத்தீவு நமக்கு எச்சரிக்கை. 2003-இல் தேசியப் பூங்காவானது. அதன் பிறகு வந்த கூட்டத்தில் எத்தனை பவளம் காலால் மிதிபட்டு உடைந்தது என்று நிலாவெளிக்காரராகிய உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பவளமாவது விட்டுவைத்தால் மெல்ல வளரும். உடைந்த உயிர்ச்சுவடு வளராது. எந்தத் தளத்திலும் ஒரு நேரத்தில் எத்தனை பேர், எந்தப் பாதையில், எந்த மாதங்களில் என்ற கணக்கை ஆய்வாளர்கள் சொல்லவேண்டும். விடுதிக்காரர்கள் சங்கம் அதை ஏற்கவேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இருந்தால் நான் இந்த யோசனைக்கே எதிராக நிற்பேன்.

இப்போது உண்மையான உயிர்ச்சுவடுகள். அவற்றை நாம் இரவல் வாங்கவேண்டும், அதில் வெட்கம் எதுவும் இல்லை. கொழும்பு தேசிய நூதனசாலையிடம் தெரணியகல காலச் சேகரிப்பு இருக்கிறது. மூலப் பொருள் அங்கேயே இருக்கட்டும். முப்பரிமாண வருடல் எடுத்து அச்சிட்ட பிரதிகள் இங்கே வரலாம். பிரதி என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம், பார்வையற்ற பிள்ளைகளும் அறியலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லை யாழ் பல்கலைக்கழகத்தின் உதவியோடு வாங்கலாம். பிறகு இதையே ஒரு பயணப் பாதையாக்கலாம்: திருகோணமலையில் பழைய பாறை, வடக்கே போனால் நிலாவரைக் கிணறும் கீரிமலையும், அங்கே மயோசீன் கடல். இரண்டு நாள் பயணம். வழியில் காலம் 50 கோடி ஆண்டுக்கு மேல் தாண்டுகிறது. இதை விளக்கமாகச் சொல்லத் தெரிந்த வழிகாட்டி ஒருவருக்கு நல்ல சம்பளம் கொடுக்க வெளிநாட்டவரும் தயங்கமாட்டார், கொழும்புப் பாடசாலைகளும் தயங்கா.

வழிகாட்டிகள் உள்ளூர்ப் பிள்ளைகளாக இருக்கவேண்டும். உப்புவெளி, கிண்ணியா, மூதூர், சேருவில எல்லாப் பக்கமும் இருந்து. வளாகமும் நூதனசாலையும் சேர்ந்து பயிற்சி கொடுத்து, சோதனை வைத்து, இரண்டு முத்திரையும் உள்ள சான்றிதழ் தரட்டும். அதே பயிற்சியில் மகாவலிக் கரையில் மணல் அள்ளுகிறவர்களையும் கிணறு வெட்டுகிறவர்களையும் கூப்பிடுங்கள். மண்ணை நாள்தோறும் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். விசித்திரமாக ஏதாவது தெரிந்தால் எடுக்காமல் படம்பிடித்து அனுப்ப ஒரு தொலைபேசி இலக்கம், கண்டவரின் பெயர் காட்சிப் பலகையில் இடம்பெறும் என்ற உறுதி, இரண்டும் போதும்.

மாரி மாதங்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வெளிக்களம் சரிவராது, நூதனசாலைக்குள்தான் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் மாணவர் ஒருவர் கல்லில் இருந்து சிப்பியைத் துப்புரவாக்கிக்கொண்டிருப்பதை வருகிறவர்கள் பார்த்துக் கேள்வி கேட்கலாம். உலகத்தில் பல நூதனசாலைகளில் கூட்டம் அதிகமாக நிற்பது அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான். கோணேசருக்கு மழையிலும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் ஒரு பங்கு நூதனசாலைக்குத் திரும்பினாலே உங்கள் அறைகளில் சில நிரம்பும். கடற்கரைப் பருவத்தின் அளவுக்கு நிரம்பும் என்று நான் சொல்லமாட்டேன்.

டைனோசர் பூங்கா வேண்டாம். இலங்கையின் யுராசிக் பாறைகளில் நாம் அறிந்திருப்பவை செடிகள். இல்லாத விலங்கைச் சீமெந்தில் செய்து நிலாவெளியில் நிறுத்தினால், இங்கே உண்மையில் வாழ்ந்த நீர்யானையையும் காண்டாமிருகத்தையும் நம் பிள்ளைகள் அறியாமலே வளர்வார்கள். உருவம் வைத்தே ஆகவேண்டும் என்றால் அந்த நீர்யானையை வையுங்கள், பக்கத்தில் அதன் பல்லின் பிரதியையும் வையுங்கள்.

எங்கே தொடங்குவது என்றால், உங்கள் விடுதிக்காரர்கள் சிலர் சேர்ந்து வளாகத்துக்கும் கடல்சார் நூதனசாலைக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள், பேராதனை புவிச்சரிதவியல் துறைக்குப் பிரதியோடு. பெரிய திட்டம் எதுவும் எழுதவேண்டாம். ஓர் அறை, ஓர் அலுமாரி, ஒரு பதிவேடு, வழிகாட்டிப் பயிற்சிக்கு ஒரு வார இறுதி, இவ்வளவைக் கேளுங்கள். பயிற்சிக்கு வருகிற விரிவுரையாளர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் நீங்கள் கொடுப்பதாக எழுதுங்கள். மாரியில் உங்களிடம் காலி அறை இருக்கிறதே. தொல்பொருள் திணைக்களத்தையும் வனசீவராசிகள் திணைக்களத்தையும் முதல் கூட்டத்துக்கே அழையுங்கள், கோணமலையிலும் கன்னியாவிலும் புறாத்தீவிலும் அவர்களில்லாமல் ஒரு பலகைகூட நட முடியாது. நுழைவுக் கட்டணத்தில் எத்தனை பங்கு சேகரிப்பைப் பராமரிக்கப் போகும் என்பதை அந்தக் கூட்டத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.